கதவைத் திறந்தால் ஓடும் முனி

வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் போதும். தாம்பரத்திலும் படப்பை மார்க்கெட் வாசலிலும் ஷேர் ஆட்டோக்காரர்கள் "முனி கம்பெனி, முனி கம்பெனி, ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு" என்று கூவிக் கூவிப் பதினோரு பேரை அடைத்தார்கள். இறங்குகிற இடத்தில் எலுமிச்சம்பழக் கடை, கறுப்புக் கயிற்றுக் கடை, இளநீர் வண்டி. முடிச்சூரிலிருந்தும் மண்ணிவாக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்குப் பையனுக்கு வேலை கிடைக்க வேண்டும். ஒருவருக்குப் போர்வெல்லில் தண்ணீர் வர வேண்டும். வண்டலூரிலிருந்து வந்த ஒருவருக்குக் காணாமல் போன நோக்கியா செல் கிடைக்க வேண்டும்.

அது 2006-ஆம் வருஷம், சித்திரை மாதம். எல்லோரும் தேடி வந்தது கோயிலை அல்ல, ஒரு தொழிற்சாலையை. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் இடம் அது. பெயர்ப் பலகையில் இத்தாலிப் பாஷை மாதிரி ஏதோ எழுதியிருந்தது. அதை உச்சரிக்கத் தெரிந்தவர் முதலாளி ஹேமநாத் ஒருவர்தான். மற்றவர்கள் செருப்புக் கம்பெனி என்றார்கள். முனி வந்த பிறகு செருப்பு போய் முனி கம்பெனி ஆயிற்று. பதவி உயர்வுதான்.

விஷயம் இதுதான். ஒட்டுகிற ஹாலில் நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். அவர்கள் திடீர் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். எதிராஜ் சுவாமிகள் வெள்ளிதோறும் வந்து, அவர்களைப் பிடித்த முனியை விரட்டினார். எல்லோர் கண்ணெதிரிலும் பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். இதற்கு மேல் ஆதாரம் வேறு வேண்டுமா?

எதிராஜ் சுவாமிகள் பிறக்கும்போதே சுவாமிகள் இல்லை. ஐந்து வருஷம் முன்பு முடிச்சூர்ப் பக்கம் மனை விற்றுக்கொண்டிருந்தார். ஏரிக்குள் கல் நட்டு, 'ஏரியைப் பார்த்த வீடு' என்று நோட்டீஸ் அடித்து விற்றார். அடுத்த பெருமழையில் ஏரியே வந்து வீட்டைப் பார்த்தது. வாங்கியவர்கள் தேட ஆரம்பித்ததும் ஆள் காணாமல் போனார். திரும்பி வந்தபோது தாடி இருந்தது. தாடியைப் பார்த்துக் கும்பிட்டார்களே தவிர, தாடிக்குப் பின்னால் யார் என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

முனி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரகடம் சாலையை அகலமாக்குகிறார்கள் என்று இரவு பகலாக லாரிகள் ஓடின. தோலின் மேல் புழுதி படிகிறது என்று வெளிநாட்டுக்காரன் ஒரு லோடைத் திருப்பி அனுப்பினான். ஹேமநாத் உடனே நடவடிக்கை எடுத்தார். தை மாதம் முதல் வாரத்தில் ஹால் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பலகை வைத்து ஆணி அடித்தார்கள். காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு இருந்தன. அந்த ஓட்டைகளையும் அடைத்தார்கள். ஷட்டரை இறக்கினார்கள். புழுதி நின்றது. காற்றும் நின்றது.

அந்த ஹாலில் பெண்கள் தோலுக்குச் சொல்யூஷன் தடவினார்கள். பசைதான். டின்னைத் திறந்தால் வாடை மூக்கில் ஏறி மண்டையில் உட்காரும். டின் மேல் ஒரு தீச்சுடர் படமும், ஆங்கிலத்தில் ஐந்தாறு வரியும் இருந்தன. அந்த வரிகளை இன்னதென்று அவர்களுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

ஜன்னல் அடைத்த பத்தாம் நாள் ஜெயப்ரியா விழுந்தாள். படப்பைப் பெண், இருபத்திரண்டு வயது. மேஜை விளிம்பில் நெற்றி மோதி நாலு தையல். சூப்பர்வைசர் தயாளன் விபத்துப் புத்தகத்தில் 'தரையில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதினார். அடுத்த வாரம் இரண்டு பேர் வழுக்கினார்கள். அதற்கடுத்த வாரம் நாலு பேர். காய்ந்த சிமென்ட் தரையில் இத்தனை வழுக்கல் எந்தத் தொழிற்சாலையிலும் நடந்திருக்காது.

காந்திமதி நேரே ஹேமநாத்திடம் போனாள். செக்கிங் மேஜையில் இருப்பவள், நாற்பத்திரண்டு வயது, முடிச்சூர்க்காரி. இதற்கு முன் குரோம்பேட்டையில் வேறொரு ஷூ கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே ஒட்டுகிற மேஜைக்கு மேலேயே ஃபேன் வைத்து வாடையை உறிஞ்சி வெளியே தள்ளுவார்கள்.

"சார், சொல்யூஷன் வாட உள்ளயே சுத்திகினு கீது. பொண்ணுங்களுக்குத் தலவலி, வாந்தி. ஜன்னலத் தொறந்து வுடுங்க சார்."

"நோ நோ. அது ஒண்ணும் பண்ணாதும்மா. வாட்டர் பேஸ்டு. தண்ணி மாதிரி. நீங்கல்லாம் காலைல டிபன் சாப்பிடாம வர்றீங்க. அதான் ப்ராப்ளம்."

காந்திமதி இட்லி சாப்பிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் முதலாளியின் மேஜையில் அதற்கு மேல் பேச இடமில்லை.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வழி செய்து, புழுதிக்கு வலை போட ஒரு இஞ்சினியர் வேண்டும். முனியை விரட்டத் தயாளனுக்குத் தெரிந்த ஒரு சாமியார் போதும். ஹேமநாத் எம்.பி.ஏ. படித்தவர். எது லாபம் என்று அவருக்குத் தெரியாதா?

எதிராஜ் சுவாமிகள் வந்தார். மண்ணை மோந்தார். "இங்க ஒரு ஒத்தப் பனை இருந்துச்சு. அதுல ஒரு முனி குடியிருந்துச்சு. பனைய வெட்டிட்டீங்க. அது கோவத்துல கீது" என்றார். அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் பனை இருந்தது. எந்த இடத்தில் சொன்னாலும் பலிக்கிற வாக்கு அது. பிறகு நெற்றியில் தையல் தழும்போடு நின்ற ஜெயப்ரியாவை விரலால் காட்டினார். "இந்தப் பொண்ணு வழியாத்தான் முனி உள்ள வந்துச்சு. மூணு மாசம் இவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

அவ்வளவுதான். ஜெயப்ரியாவுக்கு வேலை போயிற்று. கூடுவாஞ்சேரியில் நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பத்து நாளில் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். பேய் பிடித்த பெண் வேண்டாமாம். அவள் அம்மா பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மகளுக்குத் தாயத்து வாங்க அதே சாமியாரிடம் வரிசையில் போய் நின்றாள்.

மற்ற பெண்களும் புரிந்துகொண்டார்கள். மயங்கினால் முனி. முனி என்றால் வீட்டுக்குப் போ. ஆகவே தலை வலித்தால் பல்லைக் கடித்தார்கள். குமட்டினால் கழிவறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் வாந்தி எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமைச் சடங்கு பிரமாதமாக இருக்கும். சுவாமிகள் முதலில் ஷட்டரைத் தூக்கச் சொல்வார். முனி போக வழி வேண்டுமாம். ஜன்னலில் நாலு பலகையைப் பெயர்க்கச் சொல்வார். முனிக்குப் பெரிய உடம்பாம். சொல்யூஷன் டின்களை மூடி முற்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார். முனி டின்னுக்குள் ஒளிந்துகொள்ளுமாம். இரண்டு பெரிய பெடஸ்டல் ஃபேன்களை ஓடவிட்டு, மயங்கிய பெண்ணை வெளியே வேப்பமரத்தடியில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளிப்பார். அப்புறம் உடுக்கை. கால் மணி நேரத்தில் அந்தப் பெண் கண் விழிப்பாள். முற்றத்தில் கற்பூரம் காட்டி முடிப்பார்கள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

உண்மையைச் சொன்னால், ஒரு நல்ல டாக்டர் செய்யச் சொல்வது எல்லாவற்றையும் அவர் செய்தார். உடுக்கை மட்டும்தான் கூடுதல்.

சனிக்கிழமை காலை பலகையை மறுபடி ஆணி வைத்து அடிப்பார்கள். திங்கட்கிழமை முனி வேலைக்கு வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை தாம்பரம் பாலத்தடியில் லாரி கவிழ்ந்து சுவாமிகள் வர ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. அன்றைக்கு இரண்டு பெண்கள் விழுந்திருந்தார்கள். சுவாமிகள் வருவார் என்று ஷட்டரை முன்கூட்டியே தூக்கி, டின்களை வெளியே வைத்து, அவர்களை மரத்தடியில் படுக்க வைத்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் இருவரும் எழுந்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். உடுக்கை அப்போது பெருங்களத்தூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

கூட்டம் சொன்னது: "சாமி கெளம்பிட்டாருன்னு தெரிஞ்சதுமே முனி பயந்து ஓடிடுச்சு பாத்தியா."

கூட்டத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று காந்திமதிக்குத் தெரியும். அன்று சாயங்காலம், சுவாமிகள் ஆசி வழங்கிக்கொண்டிருந்தபோது, முந்தானையைப் போர்த்திக்கொண்டு பக்தியோடு முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளு தாயே."

"வாரா வாரம் நீங்க முனியத் தொரத்துறீங்க. திங்கக்கெயம ஆனா அது திரும்பி வந்துடுது. நீங்க கதவத் தொறந்து வுடறதாலதான சாமி அது ஓடிப்போயி அப்பால வருது? கதவ இஸ்து சாத்திகினு, உள்ளயே மடக்கிப் புடிச்சிட்டா இன்னா? பாட்டில்ல போட்டு மூடிடலாமே."

சுவாமிகளின் கை ஆசி வழங்கிய நிலையிலேயே நின்றது.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "கரீக்டா கேக்குதுப்பா அந்தம்மா."

"ஆமா, ஒரே போடா போட்டுட்டா நம்ப ஊருக்கே நல்லது."

வராந்தாவில் நின்ற ஹேமநாத்துக்கும் பிடித்துவிட்டது. "குட் ஐடியா சாமி. பர்மனென்டா முடிச்சிடுங்க. ஃபாரின் பையர் வேற ஆடிட்டுக்கு வர்றான்."

"அதுக்கு நாள் நட்சத்திரம் பாக்கணும்..." என்றார் சுவாமிகள்.

"உங்களுக்கு இன்னா சாமி நட்சத்திரம்? நட்சத்திரமே உங்களக் கேட்டுத்தான வருது" என்றார் நோக்கியாவைத் தொலைத்தவர். நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும். பக்தர்களின் நம்பிக்கை சுவாமிகளின் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. அடுத்த வெள்ளி என்று முடிவாயிற்று.

அடுத்த வெள்ளி கூட்டம் இரண்டு மடங்கு. காலையிலிருந்து பெண்கள் தடவிய சொல்யூஷன் வாடை ஹால் முழுக்க நிறைந்திருந்தது. மூன்று மணிக்குப் பெண்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். சுவாமிகள் வாசலில் நின்று, வழக்கம்போல, "டின்னையெல்லாம் வெளிய எடுத்து வைங்க" என்றார்.

காந்திமதி கை கூப்பினாள். "டின்னுக்குள்ளதான் முனி ஒளிஞ்சிகீதுன்னு நீங்கதான சொன்னீங்க? டின்ன வெளிய எடுத்தா முனியும் கூடவே வந்துடுமே சாமி. மூடியத் தொறந்து உள்ளயே வச்சிகீறோம். உங்களுக்குச் சுளுவா இருக்கும்."

"சரி, ஃபேனப் போடுங்க."

"காத்துல பறந்துடாதா சாமி?"

கூட்டம் தலையாட்டியது. சுவாமிகள் தாடியைத் தடவினார். பிறகு பார்வை ஜெயப்ரியா மேல் போயிற்று. பச்சையம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இந்தப் பொண்ணு உள்ள வந்து எம்முன்னால ஒக்காரணும். அப்பதான் முனி பிடிபடும்."

பச்சையம்மா மகளை முன்னால் தள்ளினாள். "போடி, சாமி கூப்புடறாரு இல்ல."

ஜெயப்ரியா நகரவில்லை. மூன்று மாதமாக யாரிடமும் பேசாமல் இருந்த பெண். இப்போது எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "நான் போகமாட்டேம்மா. மூணு மாசமா வூட்லதான் கீறேன். ஒரு நாள்கூட மயக்கம் வரல. எம்மேல முனி இருந்தா வூட்ல மட்டும் ஏன் வரல? இந்த ரூமுக்குள்ள நான் போகமாட்டேன்."

யாரும் எதிர்பார்க்காத கேள்வி. சுவாமிகள் பதில் தேடுவதற்குள் காந்திமதி ஷட்டருக்கு வழி விட்டு, "நேரமாவுது சாமி" என்றாள். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவாமிகள் உள்ளே போனார். ஷட்டர் இறங்கியது.

ஹாலை ஒட்டித் தயாளனின் கண்ணாடி அறை. இடம் பிடித்தவர்கள் எல்லாம் அதற்குள் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு முன்வரிசை வர்ணனை சொன்னது. காந்திமதி தயாளனை ஷட்டர் பக்கத்தில் நிறுத்தினாள். "சார், கைய எடுக்காதீங்க. அந்தாளு கீய வுயுந்தா ஒடனே தூக்கணும். முனிக்காக ஒரு உசுரு போவக் கூடாது."

முதல் பத்து நிமிடம் உடுக்கை இடி இடித்தது. சுவாமிகள் மூச்சை ஆழமாக இழுத்து மந்திரம் சொன்னார். சொல்யூஷன் டின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. இருமினார். கண்ணில் நீர் வழிந்தது. மந்திரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அந்த வரியும் பாதியில் நின்றது.

"முனி பலமா கீதுபா" என்றது கூட்டம்.

இருபத்தைந்தாவது நிமிடம் உடுக்கை கையிலிருந்து நழுவியது. சுவாமிகள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தள்ளாடி வந்து, ஷட்டரைத் தட்டினார். "தொறங்க... தல சுத்துது... தொறங்கப்பா..."

"தொறக்காத" என்று கத்தினார் ஒரு பக்தர். "முனிதான் சாமி குரல்ல பேசுது."

"ஆமா ஆமா. தொறந்தா ஓடிடும்."

"தூக்குங்க சார்" என்றாள் காந்திமதி. தயாளன் கண்ணாடி அறை வாசலில் நின்ற ஹேமநாத்தைப் பார்த்தார். ஹேமநாத் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் டூ மினிட்ஸ் பாக்கலாமே. ஆல்மோஸ்ட் முடிஞ்சிடுச்சு போல" என்றார்.

உள்ளே சுவாமிகளுக்கு ஒரு வழி தோன்றியது. கற்பூரம் காட்டினால் சடங்கு முடியும், சடங்கு முடிந்தால் கதவு திறக்கும். திரும்பிப் போய்த் தட்டை எடுத்தார். கற்பூரத்தைக் கொட்டினார். தீப்பெட்டியைத் திறந்தார்.

ஹேமநாத் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார். "யோவ், கொளுத்தாத. சொல்யூஷன் டின்லாம் தொறந்து கெடக்குது. ரூமே வெடிச்சிடும்யா."

எம்.பி.ஏ. படித்தவர் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. தயாளனைத் தள்ளிவிட்டு, ஷட்டரைத் தூக்கி, உள்ளே பாய்ந்து தீப்பெட்டியைப் பறித்தார். தட்டு உருண்டது. சுவாமிகள் அவர் மேலேயே சாய்ந்தார். நாலு பெண்கள் அவரைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டார்கள். பல தடவை செய்து பழகிய வேலை.

காந்திமதி ஹேமநாத்துக்கு எதிரில் போய் நின்றாள்.

"தண்ணி மாதிரின்னு சொன்னீங்களே சார். தண்ணி எப்ப சார் வெடிக்கும்?"

ஹேமநாத் வாயைத் திறந்தார். இத்தாலிப் பெயரைச் சரியாக உச்சரிக்கும் வாய். அதிலிருந்து 'வாட்டர்' வரைக்கும்தான் வந்தது.

மரத்தடியில் சுவாமிகள் வாந்தி எடுத்தார். காற்று பட்டது. யாரும் உடுக்கை அடிக்கவில்லை, வேப்பிலை ஆட்டவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஜெயப்ரியாதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இப்ப உங்கள வுட்டுப் போன முனிய யார் தொரத்துனது சாமி?" என்று கேட்டாள் காந்திமதி.

சுவாமிகள் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்த விதம் சரியில்லை. முடிச்சூரில் ஏரி வீடு வாங்கிய ஒருவரும் அதில் இருந்தார். தாடி நனைந்து ஒட்டிக்கிடந்த இந்த முகம் அவருக்கு எங்கேயோ பார்த்ததாகப் பட்டது.

"என் மேல தப்பில்லம்மா" என்றார் சுவாமிகள். "தயாளன் சார்தான் சொன்னாரு. டின்ன வெளிய வச்சி கதவத் தொறந்தா பொண்ணுங்க தானா எய்ந்துடும், நீ உடுக்க மட்டும் அடின்னு."

தயாளன் தலையைக் குனிந்துகொண்டார். "நான் இன்னா பண்றது. மொதலாளி சொன்னாரு."

ஆக, முனிக்கு விலாசம் கிடைத்தது. அது பனைமரத்தில் இல்லை. வராந்தாவை ஒட்டிய ஏ.சி. அறையில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

பச்சையம்மா மகளின் கழுத்திலிருந்த தாயத்தை ஒரே இழுப்பில் அறுத்தாள். பிறகு மகளின் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பெண்கள் நாற்பது பேரும் உள்ளே போக மறுத்தார்கள். "திங்கட்கிழமை பாத்துக்கலாம், ப்ளீஸ்" என்றார் ஹேமநாத். அவர்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள். நாலரை மணிக்குத் தயாளனே கடப்பாரையை எடுத்து எல்லாப் பலகைகளையும் பெயர்த்தார். அன்று இரவே காந்திமதி சொல்லச் சொல்ல ஜெயப்ரியா மனு எழுதினாள். நாற்பது கையெழுத்தோடு அது ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்குப் போயிற்று. அவர் வந்தார். அடைத்த ஃபேன் ஓட்டையைப் பார்த்தார். டின் மேலிருந்த ஆங்கில வரிகளை முதல் தடவையாக அந்தப் பெண்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னார்: காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்தவும், ஆவியைச் சுவாசிக்க வேண்டாம், தீப்பற்றும். விபத்துப் புத்தகத்தில் வழுக்கி விழுந்தவர்கள் பட்டியலையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஹேமநாத் மேல் வழக்கு பதிவாயிற்று. ஜூன் மாதத்துக்குள் ஒவ்வொரு மேஜைக்கு மேலும் காற்றை உறிஞ்சும் குழாய், வெளிச்சுவரில் நாலு எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னலுக்கு வலை. புழுதியும் வரவில்லை. முனியும் வரவில்லை.

ஜெயப்ரியா வேலைக்குத் திரும்பினாள். கூடுவாஞ்சேரிக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டு மறுபடி தட்டோடு வந்தார்கள். "ஜன்னலத் தொறந்தா போற பேய்க்கே இவ்ளோ பயந்தவங்க வூட்ல எனக்கு இன்னா வேல?" என்று அவளே வாசலில் நின்று அனுப்பிவைத்தாள். சுவாமிகள் ஊரை விட்டுப் போய்விட்டார். இப்போது வேறெங்கோ, வேறொரு பெயரில் இருக்கிறாராம். அங்கேயும் வெள்ளிக்கிழமை கூட்டம்தானாம்.

ஆயுதபூஜை வந்தது. காந்திமதி காலையில் ஹாலுக்குள் நுழைந்தபோது நாலு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுயர மாலை போட்டிருந்தார்கள். மாலை சிக்கிக்கொள்ளும் என்று ஃபேனை நிறுத்திவைத்திருந்தார்கள். கீழே பெண்கள் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றார்கள். மேஜையில் இரண்டு சொல்யூஷன் டின்கள் மூடாமல் கிடந்தன.

காந்திமதி டின்களை மூடினாள். மாலைகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். நாலு ஃபேனும் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தன.

"கும்புடு, வேணான்னு சொல்லல" என்றாள். "ஆனா மொதல்ல கண்ணத் தொறந்து பாரு, ஓடுதா இல்லையான்னு."